துண்டுச்சீட்டில் தொடங்குங்கள்: சொந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கடலூரில் பாண்டி பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி எல்லாம் தாண்டி முள்ளோடை வரும். அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. பஸ்ஸில் இருப்பவருக்கு அது பெட்ரோல் கொஞ்சம் மலிவாகும் இடம், அவ்வளவுதான். சரக்கு அனுப்புகிறவருக்கு அது இன்னொரு மாநிலம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ஊரில் எங்களை எல்லாம் 'ஆடிட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சி.ஏ. இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தொழில் தொடங்கிய முதல் வருடம், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், நான்கே கடைக்காரர்கள். ஒருநாள் சாயங்காலம் லாரன்ஸ் ரோடு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நீங்க எங்க ஆடிட்டர் இல்ல. அவரு போன எடுக்க மாட்டேங்கிறாரு. ஒரு டவுட்டு கேக்கலாமா?"

பாகூருக்கு 64,000 ரூபாய்க்குப் பெயின்ட்டும் பைப்பும் அனுப்பியிருக்கிறார். உள்ளூருக்குப் போடுவது போலவே பில். சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு, அதாவது ஈ-வே பில், எடுக்கவில்லை. வண்டியை வழியில் நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் ஈ-வே பில் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாகூர் தமிழ்நாட்டில் இல்லை என்பதும் தெரியும். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000தான் என்று, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லவில்லை. "கன்னியாகுமரிக்கே போகுமாம், பாகூருக்குப் போகாதாமா?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான்.

அரைமணி நேரம் விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் பாதி மண்டையில் ஏறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்:

முள்ளோடை தாண்டினால் ஐ.ஜி.எஸ்.டி.
50,000 தாண்டினால் ஈ-வே பில்.
கம்போசிஷன் கடை என்றால் தாண்டவே கூடாது.

ஐ.ஜி.எஸ்.டி. என்பது மாநிலம் தாண்டும் சரக்குக்குப் போடும் வரி. கம்போசிஷன் கடை என்பது விற்றதில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சின்னக் கடை. காசு வாங்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவர் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வியாபாரிகள் வாட்ஸாப் குரூப்பில் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் தெரியாத எண்களிலிருந்து போன் வரத் தொடங்கியது. "அந்த முள்ளோடை சீட்டு எழுதினது நீங்கதானா?" நான் அதில் என் பெயரையோ எண்ணையோ எழுதவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அடியில் பேனாவால் சேர்த்திருக்கிறார்.

இன்று என்னிடம் இருக்கும் வேலையில் பெரும்பகுதி அப்படி ஏதாவது ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். விளம்பரத்துக்கு என்று நான் செலவு செய்தது ஒரே ஒரு முறை, ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. அது ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. அதனால், ஏ.சி. மெக்கானிக், தையற்காரர், டிசைனர், போட்டோகிராபர், கணக்கு எழுதுபவர் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் சரி, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் நான் செய்கிற மாதிரியே செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். எப்படி என்று ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் என் தொழிலிலிருந்து வரும். அதற்கு மன்னிக்கவும்.

முதல் படி: இரண்டு பேர் கேட்ட கேள்வியை நோட்டில் எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, தனக்கு என்ன தெரியும் என்று பட்டியல் போடுவது. படித்தது எல்லாம் பெருமையாக வந்து வரிசையில் நிற்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசையில் வையுங்கள். வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர், மாமியார், டீக்கடையில் நிற்பவர் என்று யார் உங்கள் தொழிலைப் பற்றி என்ன கேட்டாலும் அதில் எழுதுங்கள். அதே கேள்வியை இரண்டாவது ஆளும் கேட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த கேள்விதான் கொடுக்கத் தகுந்த பொருள்.

அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுவது முக்கியம். என் பாடப்புத்தகத்தில் 'சப்ளை நடக்கும் இடம்' என்று ஓர் அத்தியாயமே உண்டு. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "பாண்டிக்கு பில் போட்டா எந்த டாக்ஸ் மேடம்?" என்றுதான் கேட்பார்கள். யூடியூபிலும் கூகுளிலும் அப்படித்தான் தட்டச்சு செய்து தேடுவார்கள். அதையே தலைப்பாக வைத்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் வேலை பார்க்கும் ஏ.சி. மெக்கானிக்கிடம் "ரெண்டு வருஷத்துல அவுட்டோர் யூனிட் ஏண்ணா துருப்பிடிச்சிடுச்சு?" என்று கேட்காத வீடு இருக்காது. கடல் காற்றில் வரும் உப்பு படிவதால்தான். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் யூனிட் கூடுதல் நாள் வரும். எப்படிக் கழுவ வேண்டும், எங்கே தண்ணீர் படக்கூடாது, மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்பதை ஒன்றரை நிமிடத்தில் காட்டலாம். 'இதைச் சொல்லிக் கொடுத்தால் சர்வீஸுக்குக் கூப்பிட மாட்டார்களே' என்று அந்தத் தம்பி பயப்படுவார். நான் கண்டவரை ஒரு தடவை கழுவிப் பார்த்தவர்கள், அடுத்த தடவை மொட்டைமாடி வெயிலை நினைத்து, சொல்லிக் கொடுத்த ஆளையே கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள்

ஒரு கேள்விக்கு ஒரு பதில், அது போன் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். கடைக்காரர் அதைப் படிப்பது இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கிடைக்கும் அரை நிமிடத்தில். ஆறு பத்தி எழுதினால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று நகர்த்திவிடுவார். அந்த அப்புறம் வரவே வராது.

ரோஜாப்பூ வைத்த போஸ்டரைவிட வெள்ளைத் தாளில் கையால் எழுதிய எழுத்துக்கு மரியாதை அதிகம் என்பது என் அனுபவம். போஸ்டரைக் கண்டால் விற்க வருகிறார்கள் என்று கை தானாகத் தள்ளிவிடும். வாசிப்பதைவிடக் கேட்பதையே விரும்பும் பெரியவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு. கைவேலைத் தொழிலுக்கு வீடியோதான் சரி. ஆனால் 'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பித்து அரை நிமிடம் இழுக்காமல், விடையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எப்படியும் இருந்து பார்ப்பார்கள்.

அடியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: பெயர், எண், தேதி. பெயரையும் எண்ணையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தேதி அதைவிட முக்கியம். விதி மாறும், விலை மாறும், பழைய சீட்டு மட்டும் வருடக்கணக்கில் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாவிட்டால், மாறிப்போன விதிக்கு உங்கள் பெயர் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொரு எச்சரிக்கை. விளக்குவதற்காக வாடிக்கையாளரின் பில்லைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, மறைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்த எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் கடைப் பெயர் வந்துவிடும். கற்பனைக் கடைக்கு ஒரு மாதிரி பில் போட்டுக் காட்டுங்கள். எந்தத் தொழிலிலும் இதே கணக்குதான். தையற்காரர் வாடிக்கையாளரின் அளவுச் சீட்டையும், போட்டோகிராபர் கல்யாண வீட்டுப் படத்தையும் கேட்காமல் வெளியே காட்டக் கூடாது.

மூன்றாம் படி: யாருக்கு, எந்த வழியில்?

ஆயிரம் பேருக்கு என்று தொடங்க வேண்டாம், பத்துப் பேர் போதும். கேள்வி கேட்ட அந்த இரண்டு பேருக்கு முதலில் தனியாக அனுப்புங்கள். "அன்னைக்குக் கேட்டீங்களே, எழுதி வெச்சேன்" என்று ஒரு வரி. அதை அவர் நான்கு பேருக்கு அனுப்புவார். அனுப்பவில்லை என்றால் சீட்டில்தான் ஏதோ குறை. திருத்தி எழுதுங்கள்.

வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். தொடக்கத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது இதைவிட நேர்மையான தராசு இல்லை என்று தோன்றுகிறது. எத்தனை பேர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கிறார்களோ, அத்தனை பேர்தான் உங்கள் கூட்டம். யாராவது நன்றி சொன்னால், "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, அடுத்த தடவை மாறினா அனுப்புறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

குரூப் தொடங்குவதற்கு முன் யோசியுங்கள். 1,024 பேர் வரை சேர்க்கலாம்தான். ஆனால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலிருந்து மசாலாப் பொடி, ஊறுகாய் விற்கும் பெண்கள் ஐந்தாறு பேரை நான் ஒரு குரூப்பில் சேர்த்தேன். மூன்றாம் நாளே ஒருவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு 'ஹாய்' வர ஆரம்பித்தது. அனுப்பியவனை வெளியே அனுப்பிவிட்டேன், ஆனாலும் சேர்த்துவிட்டது நான்தானே. பிறகு எல்லாரையும் வாட்ஸாப் சேனலுக்கு மாற்றினேன். சேனலில் பின்தொடர்கிறவர்களுக்கு ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. அறிவிப்புக்குச் சேனல், உரையாடலுக்குத் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் சின்ன குரூப் என்று பிரித்துக்கொண்டால் தலைவலி குறைவு. அடுத்தவர் நடத்தும் குரூப்பில் உங்கள் சீட்டைப் போடுவதென்றால் அட்மினிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அவரே போட்டுவிடுவார். அது இன்னும் நல்லது.

யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. அந்த எண்களைத் துரத்தத் தொடங்கினால், பண்ருட்டி முந்திரிக் கடைக்காரருக்கு எழுதுவதை விட்டுவிட்டு, யாரென்றே தெரியாத கூட்டத்துக்குப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வரை இருநூறு பேர் பார்த்தாலே என் அறையில் நாற்காலி போதாது.

நான்காம் படி: போட்டியாளருக்கும் கொடுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்குக் கொடுப்பது எளிது, பக்கத்துத் தெருவில் அதே தொழில் செய்பவருக்குக் கொடுக்க மனசு வராது. ஆனால் அவசரத்துக்கு நமக்கு உதவப்போவது அவர்தான். காய்ச்சலில் படுத்தால் நம் ரிட்டர்னைப் போட்டுக் கொடுக்க, தாங்க முடியாத அளவுக்கு வேலை வந்தால் பகிர்ந்துகொள்ள, நாம் செய்த தப்பை வெளியே தெரியுமுன் காதோடு சொல்ல அவரை விட்டால் வேறு யார்?

2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி விகிதங்களை அடியோடு மாற்றியது. 22ஆம் தேதியிலிருந்து அமல். நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு, சிமென்ட் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு, பள்ளி நோட்டுக்கு வரியே இல்லை என்று பட்டியல் நீளமாகப் போனது. கடையில் ரேக் ரேக்காகப் பழைய விலை ஒட்டிய சரக்கு. ஒவ்வொரு மளிகைக்கடைக்காரரும் ஒரு நாளைக்கு நான்கு முறை போன். கடலூரிலும் பாண்டியிலும் இந்த வேலை செய்யும் ஐந்து பேர் சேர்ந்து பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். மளிகை எனக்கு, மருந்துக்கடை ஒருவருக்கு, கட்டுமானப் பொருள் இன்னொருவருக்கு. கடைக்காரர் பேசும் பெயரிலேயே பொருள், பக்கத்தில் பழைய வரி, புதிய வரி. ஐந்து பேர் பெயரையும் அடியில் போட்டு, ஐந்து பேரும் தங்கள் ஆட்களுக்கு அனுப்பினோம்.

அதில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பல நாள் கெடாத யு.எச்.டி. பாலுக்கு வரியை நீக்கிவிட்டார்கள். கண்டென்ஸ்டு மில்க்குக்கு 12 சதவீதம் 5 ஆனது. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து 'வரி இல்லை' என்று எழுதிவிட்டேன். பாண்டி நண்பர் காலையில் கூப்பிட்டு, "பால்ல தண்ணி கலந்துட்டீங்க" என்றார். செய்தியை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கலாம்தான். ஆனால் அது அதற்குள் எத்தனை குரூப்புக்குப் போயிருக்குமோ. 'நேற்று நான் அனுப்பியதில் 14ஆவது வரி தப்பு, சரியானது இது, கண்டுபிடித்துச் சொன்னவர் இன்னார்' என்று புதிதாக எழுதி, முதலில் அனுப்பிய இடத்துக்கெல்லாம் அனுப்பினேன். மானம் போனதாக நினைத்தேன். மாறாக, இரண்டு ஸ்வீட் கடைக்காரர்கள் அந்தத் திருத்தத்தைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்தார்கள். தப்பை அவராகச் சொல்கிறவர் கணக்கில் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தார்களாம். அந்தப் பாண்டி நண்பருக்கும் அதில் ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்தார்.

பெயர் சொல்வது அவ்வளவு வேலை செய்யும். யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள். அடுத்தவர் எழுதிய சீட்டை அனுப்பும்போது அடியில் இருக்கும் அவர் எண்ணை வெட்டாதீர்கள். வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் சின்னது, யார் வெட்டியது என்று தெரியாமல் போகாது.

ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்வதும் கொடைதான், அவசரப்படாமல் செய்தால். இரண்டு பேரையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். "ஒரு வெப்சைட் டிசைனர் இருக்காங்க, உங்க ஹோம்ஸ்டேக்குத் தேவைப்படும்னு தோணுது, நம்பர் கொடுக்கட்டுமா?" சரி என்றால் மட்டும் கொடுங்கள். யார், எதற்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு நடுவிலிருந்து விலகிவிடுங்கள். இதற்குக் கமிஷன் கேட்பவர்கள் உண்டு. கேட்டால் அது புரோக்கர் வேலை. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் அதை உதவி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

உங்களுக்கு வேலை செய்து கொடுத்தவருக்குக் கூகுளில் நல்ல ரிவ்யூ எழுதுங்கள். 'சூப்பர் சர்வீஸ்' என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. 'ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன், ஒரு மணி நேரத்தில் வந்தார், போர்டு மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னார்' என்று எழுதினால் அதைப் படித்து ஆள் வருவார்கள். பதிலுக்கு ரிவ்யூ கேட்காதீர்கள். காசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் விதியே அனுமதிப்பதில்லை.

பெரியவர்களை அணுகுவது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 'சார், எனக்கு வழிகாட்டுங்கள்' என்று செய்தி அனுப்பினால் அவர் என்ன செய்வார் பாவம்? எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. நான் செய்தது இது. பாண்டியில் ஒரு மூத்தவர் வியாபாரிகளுக்கு நடத்திய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வீட்டுக்கு வந்து அதை நான்கு பக்கமாகத் தட்டச்சு செய்து, "நீங்கள் பேசியது, வந்தவர்களுக்குக் கொடுக்கப் பயன்படுமா பாருங்கள்" என்று அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சிவப்பு மையில் திருத்திய படங்கள் வந்தன. பக்கத்துக்கு மூன்று இடத்திலாவது நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. அதற்குப் பிறகு அவர் வகுப்பு எடுத்தால் குறிப்பு நான்தான்.

ஐந்தாம் படி: இடர் வரும்போது முந்திக்கொள்ளுங்கள்

எங்கள் ஊருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்தாயிற்று. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, கடலூர் பக்கமும் வீடு, கடை என்று தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை ஷட்டரைத் தூக்கி, கெட்டுப்போனதை வெளியே கொட்டிக் கழுவிவிடுவது. அங்கேதான் நஷ்டம் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் இன்சூரன்ஸ்காரருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

அன்று காலை நான் அனுப்பியது இவ்வளவுதான்: 'கழுவும் முன் போட்டோ, வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியட்டும். பாலிசி இருந்தால் உடனே போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கொள்முதல் பில் நனைந்திருந்தால் சப்ளையரிடம் நகல் கேளுங்கள்.' ஒரு வாரம் கழித்துத்தான் கசப்பான பாதியை எழுதினேன். அழிந்துபோன சரக்கை வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொண்டிருந்தால், அந்தக் கழிவை, அதாவது ஐ.டி.சி.யை, திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் சேற்றில் நிற்கும் மனிதர் என்ன ஆவார்? எதைக் கொடுப்பது என்பதோடு எப்போது கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் பெயரும் எண்ணும் மட்டும் போதும். 'ரிட்டர்ன் போட அணுகவும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே நிறுத்துவது

வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவரிடம் ஊரும் சாதியும் கேட்பதில்லை. ஆனால் அந்த அடுப்புக்கு யாரோ விறகு கொண்டுவந்து போடுகிறார்கள், யாரோ அரிசி மூட்டை இறக்குகிறார்கள். நமக்கு விறகும் அரிசியும் நாம் வாங்கும் கட்டணம்தான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு அடி தேவைப்பட்டது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு கடைக்காரர் வந்தார். பாவம் என்று ஆறு மாதம் ரிட்டர்ன் இலவசமாகவே போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் அவர் பில்லையே அனுப்பவில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஏறியது. என்னால்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். இலவசமாகச் செய்ததால் எழுத்தில் ஒன்றும் இல்லை, கேட்க வாயும் இல்லை.

அன்றிலிருந்து சொல்லித் தருவது இலவசம், செய்து தருவது கட்டணம். கோடு அவ்வளவுதான். நாட்டுப்புறத்துப் பாட்டி வந்து கேட்டாலும் எப்படி என்று காட்டுவேன். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ய ஆரம்பித்த நிமிடத்திலிருந்து காசு. வறுமையான ஒருவருக்குக் கட்டணத்தைக் குறைப்பேன், ஆனால் ரசீது போடாமல் இருக்க மாட்டேன். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் இந்த வாக்கியத்தை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்: "இது எப்படிச் செய்றதுன்னு இதோ அனுப்பிட்டேன், நீங்களே செய்யலாம். நான் செய்யணும்னா இவ்வளவு ஆகும், இந்தத் தேதிக்குள்ள முடிச்சுடுவேன்." வாட்ஸாப் பிசினஸ் ஆப்பில் இதைக் குயிக் ரிப்ளையாக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு விளம்பரத் தடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி இடம் கொடுப்பதில்லை. சி.ஏ.க்களுக்கும் அவர்கள் நிறுவனத்தின் நடத்தை விதி உண்டு. பொதுவாகச் சட்டம் சொல்லித் தருவது வேறு, 'என்னிடம் வாருங்கள்' என்பது வேறு.

கடைசியாக: மாதம் எப்படி ஓடுகிறது

முதல் ஆறு மாதம் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். லைக்கை எண்ணாதீர்கள். இரண்டாவது கேள்வியோடு திரும்பி வருகிறவர் எத்தனை, 'இவங்ககிட்ட கேளு' என்று உங்கள் பெயரைச் சொல்லி அனுப்பப்பட்டவர் எத்தனை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். போன வருடம் எனக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்தப் பக்கம்தான் சொன்னது.

என் மாதம் இப்படி. முதல் வாரம் நோட்டில் புள்ளி விழுந்த ஒரு கேள்விக்குச் சீட்டு. 16ஆம் தேதி வாக்கில் ரிட்டர்ன் நினைவூட்டல், அதோடு போன மாதம் பலர் செய்த ஒரு தப்பு. 25க்கு மேல் யாராவது ஒரு சக தொழில்காரரோடு பாண்டியிலோ இங்கேயோ ஒரு டீ, கையில் அவருக்குப் பயன்படும் ஏதாவது ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், தொழிலும் பார்க்க வேண்டுமே.

20ஆம் தேதி மட்டும் யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. அன்றைக்குத்தான் ரிட்டர்ன் கடைசி நாள். கடைக்காரர் கையிலும் பில்கட்டு, என் கையிலும் பில்கட்டு. ஹார்டுவேர் கடைக்காரர் இப்போதும் அந்த அவசரத்துக்கு நடுவில்தான் பில்களை எடுத்துக்கொண்டு வருவார், அதுவும் ஐந்து மணிக்கு மேல். அந்தக் காலண்டர் தாளை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். தேதி போடவில்லையே என்று போன மாதம்தான் நானே மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன்.